தினசரி காலண்டர் தாள்: மேல்பாதி கணக்கு, கீழ்பாதி ஒற்றைச் சொல்

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் காலண்டர் மாதிரிகள் கொண்ட புது ஆல்பம் வந்துவிட்டால் அடுத்த வருட காலண்டருக்கு ஆர்டர் தொடங்கிவிடும். கடைக்காரர்கள் சாமி படத்தையும் அட்டையின் பளபளப்பையும் பார்த்து எடுக்கிறார்கள். ராசிபலன் பார்ப்பதற்காக மாட்டுகிறவர்கள் தாளைப் பார்த்து எடுக்க வேண்டும்.

ஒரே தாளில் இரண்டு சரக்கு இருக்கிறது. திதி, நட்சத்திரம், யோகம், சந்திராஷ்டமம் (சந்திரன் ஒருவரின் ராசிக்கு எட்டாமிடத்தில் இருப்பது) எல்லாம் பஞ்சாங்கத்திலிருந்து வருபவை. அடியில் பன்னிரண்டு ராசிக்கும் 'வரவு', 'பகை', 'லாபம்', 'அச்சம்' என்று ஒற்றைச் சொல்லில் வரும் பலன் எங்கிருந்து வருகிறது என்பதற்குத் தாளில் எந்தத் தடயமும் இல்லை.

சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. ரோகிணி நட்சத்திர நாளின் தாளைப் புரட்டுங்கள். அன்று சந்திரன் ரிஷபத்தில். துலாத்துக்கு அது எட்டாமிடம், ஆகவே சந்திராஷ்டமம் என்ற இடத்தில் துலா ராசி நட்சத்திரமான சுவாதி இருக்கும். கீழே துலாத்துக்கு 'லாபம்' என்று போட்டிருந்தால் மேல்பாதியும் கீழ்பாதியும் ஒன்றையொன்று பார்க்காமலே அச்சேறியிருக்கின்றன. கோசாரப்படி, அதாவது நம் ராசியிலிருந்து இன்றைய கிரக இடத்தை எண்ணும் கணக்குப்படி, சந்திரன் 1, 3, 6, 7, 10, 11-ம் இடங்களில் நல்லது. எனவே ரோகிணியன்று ரிஷபம், மீனம், தனுசு, விருச்சிகம், சிம்மம், கடகம் ஆகிய ஆறுக்கும் நல்ல சொல் வந்திருக்க வேண்டும். இன்னொன்று: சந்திரன் ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாள் இருக்கும். நேற்று 'சுகம்', இன்று 'பகை', நாளை 'சுகம்' என்று துள்ளுகிற பலன் சந்திரனை வைத்து எழுதியதல்ல.

கீழ்பாதியை விட்டுவிட்டு நாமே தாராபலம், அதாவது அன்றைய நட்சத்திரம் நமக்கு ஒத்துவருமா என்று, பார்க்கலாம். ஜென்ம நட்சத்திரத்தை ஒன்று என்று வைத்து அன்றைய நட்சத்திரம் வரை எண்ணி, ஒன்பதால் வகுக்க வேண்டும். மீதி 3, 5, 7 வந்தால் புதுக் காரியம் வேண்டாம்; 2, 4, 6, 8 வந்தாலும், மீதியில்லாமல் போனாலும் நல்லது. இதில் ஒரு பள்ளம் உண்டு. நமக்குச் சந்திராஷ்டமம் ஆகும் நாளின் நட்சத்திரம் நம்முடையதிலிருந்து பதினேழாவது. ஒன்பதால் வகுத்தால் மீதி 8, அதாவது நல்லதென்று எண்ணப்படும் மித்ர தாரை. தாராபலத்தை மட்டும் பார்த்து நாள் குறிப்பவர்கள் இங்கேதான் இடறுகிறார்கள்.

நட்சத்திரம் எப்போது முடிகிறது என்பதை நாழிகையில் போடும் காலண்டரானால் கவனம் தேவை. 32.15 என்பது மணியல்ல, சூரிய உதயத்திலிருந்து 32 நாழிகை 15 விநாடி. நாழிகைக்கு 24 நிமிடம், நாழிகைக் கணக்கின் விநாடிக்கு நம் கடிகாரத்தில் 24 செகண்ட். ஆக 12 மணி 54 நிமிடம், உதயம் 6.10 என்றால் இரவு 7.04. கடிகார மணியிலேயே போடும் தாளை வாங்கினால் இந்தத் தலைவலி இல்லை.

ராகு காலம் எல்லாக் காலண்டரிலும் ஒன்றுதான், வருடம் முழுக்கத் திங்கள் 7.30 முதல் 9 வரை. காலை ஆறுக்கு உதயம், பகல் 12 மணி நேரம் என்று வைத்து எட்டாகப் பிரித்த கணக்கு அது. ஜனவரி நடுவில் சென்னையில் உதயமே ஏறக்குறைய 6.35, அஸ்தமனம் 6 மணி. அந்தப் பகலை எட்டாக்கினால் திங்கள் ராகு காலம் சுமார் 8 முதல் 9.25 வரை வருகிறது. 7.30-க்குப் பயந்து ஒத்திப்போட்டு, 9.05-க்கு நிம்மதியாகக் கிளம்புகிறவர் ராகு காலத்துக்குள்ளேயேதான் கிளம்புகிறார்.

வாங்கும்போது முதலில் தேட வேண்டியது 'வாக்கியம்' (பழைய சூத்திரங்களின்படி கணிப்பது) அல்லது 'திருக்கணிதம்' (வானியல் கணக்கின்படி திருத்திக் கணிப்பது) என்ற சொல். அட்டையிலோ முதல் தாளிலோ அது இல்லையென்றால் வைத்துவிடலாம். இரண்டுக்கும் நட்சத்திர முடிவில் சில மணி நேரம் வரை வித்தியாசம் வரும். சந்திராஷ்டமமும் கூடவே நகரும். பெரிய கிரகங்களில் வித்தியாசம் மாதக்கணக்கில் போகும்: சனி மீனத்துக்கு மாறியது திருக்கணிதப்படி 2025 மார்ச் 29, வாக்கியப்படி 2026 மார்ச் 6. திருநள்ளாறு கோயில் பின்பற்றுவது வாக்கியம். வீட்டு ஜாதகம் எந்த முறையில் கணித்ததோ அதே முறைக் காலண்டரை மாட்டுவதுதான் சரி. ஜாதகம் ஒன்று, காலண்டர் இன்னொன்று என்றால் ராசிச் சந்தியில், அதாவது சந்திரன் ஒரு ராசியிலிருந்து அடுத்ததுக்கு மாறும் நேரத்தில், பிறந்தவர்களுக்குச் சந்திராஷ்டமமே வேறு நாளில் விழும்.

தாள் மெலிசாக இருந்தால் கிழிக்கும்போது இரண்டு நாள் சேர்ந்து வரும். தகரப்பட்டை போட்டதில் தாளைப் பட்டையோடு ஒட்டி, ஒரு ஓரத்திலிருந்து கிழியுங்கள்.