கைமாத்து வாங்கியவன் தரவில்லையா? நோட்டு, செக், நோட்டீஸ், லோக் அதாலத்: எது எவ்வளவு தூரம் போகும்

புது பைக். ஹேண்டில்பாரில் சாமந்தி மாலை, முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், பக்கத்தில் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி என் நண்பன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. வீட்டு அட்வான்ஸுக்கு என்று என்னிடம் 90,000 ரூபாய் வாங்கி அன்றைக்கு ஒரு வருஷம் எட்டு மாதம் ஆகியிருந்தது. 50,000 ஜிபேயில் போட்டேன், 40,000 கையில் கொடுத்தேன். ஒரு துண்டுச்சீட்டு கூட எழுதி வாங்கவில்லை. ஒன்பதாவதிலிருந்து பழக்கம், கேட்கக் கூச்சமாக இருந்தது.

அந்த ராத்திரியில் முதலில் தோன்றியது போலீஸ் ஸ்டேஷன்தான். எல்லோருக்கும் அதுதான் முதலில் தோன்றும். ஆனால் இருக்கிற வழிகளிலேயே மோசமானது அது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணத்தோடு வாங்கினான் என்று காட்ட முடிந்தால்தான் அது மோசடி. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318-வது பிரிவு. வாங்கினான், திருப்பித் தரவில்லை என்பது மட்டும் சிவில் விவகாரம். மனுவை வாங்கிக்கொண்டு இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். பயந்தவன் கொடுப்பான், விவரம் தெரிந்தவன் “கோர்ட்டுல பாத்துக்கோ” என்று எழுந்து போவான். ஆள் வைத்துப் பேசுவது, அவன் ஆபீஸ் வாசலில் போய்க் கத்துவது பற்றிச் சொல்லவே வேண்டாம். பணம் கொடுத்தவன் பேரில் எப்.ஐ.ஆர். விழும், வாங்கியவன் புகார்தாரர் ஆகிவிடுவான்.

சரி, மிச்ச வழிகளைப் பார்ப்போம். அதற்கு முன்னால் காலண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். கடன் கொடுத்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போக வேண்டும். காலவரையறைச் சட்டம் சொல்வது அது. “தர்றேன் மச்சான், தை பொறக்கட்டும்” என்று அவன் இழுக்கிற ஒவ்வொரு மாதமும் இந்த மூன்று வருஷக் கணக்கில்தான் கழிகிறது. நட்பில் கொடுத்தவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். கேட்கக் கூச்சப்பட்டே இரண்டரை வருஷம் ஓடியிருக்கும்.

அடுத்து, கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். எந்த வழியில் போகலாம் என்பதைத் தீர்மானிப்பது நம் கோபம் இல்லை, அந்தக் காகிதம்தான்.

செக் இருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கும். எழுதிய தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் பேங்கில் போட வேண்டும். பணம் இல்லை என்று திரும்பி வந்தால், அந்தத் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் அவன் கைக்குப் போய் 15 நாள் வரை அவகாசம். அதற்குள் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார். செலாவணி முறிச் சட்டத்தின் 138-வது பிரிவு இது. 2 வருஷம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். வழக்கு நடக்கும்போதே 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடு கொடுக்கச் சொல்லவும் 2018-ல் வந்த திருத்தம் வழி செய்கிறது. கிரிமினல் வழக்கு என்பதால் வாய்தாவுக்கு வாய்தா அவன் கோர்ட் வராந்தாவில் வந்து நிற்க வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்குப் பயந்தே பாதிப் பேர் நடுவில் சமாதானத்துக்கு வந்துவிடுகிறார்கள். ஒரு தேதி தப்பினாலும் முழு வழக்கும் ஆட்டம் காணும், அதுதான் இதில் உள்ள ஆபத்து. பழைய செக்கை நெருக்கமானவன் ஆயிற்றே என்று பீரோவில் பூட்டி வைத்திருந்தால் இந்த வழி போயே போச்சு.

அடுத்தது புரோநோட்டு, அதாவது கேட்கும்போது இன்ன தொகையைத் தருகிறேன் என்று எழுதி, ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்திட்ட கடன் சீட்டு. அதற்கு இந்த மிரட்டல் கிடையாது, ஆனால் ஆயுள் உண்டு. எழுதிய தேதியிலிருந்து 3 வருஷம். இடையில் ஆயிரமோ ஐயாயிரமோ கொடுத்து, நோட்டின் பின்பக்கம் தன் கையெழுத்தோடு வரவு எழுதினான் என்றால், அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருஷம். வட்டிக்கடைக்காரர்கள் ஐநூறு ரூபாய்க்குக் கூட நோட்டைத் திருப்பி வைத்து எழுதச் சொல்வார்களே, சும்மா இல்லை. நோட்டை வைத்து உரிமையியல் நீதிமன்றத்தில் சுருக்கமுறையில் வழக்குப் போடவும் முடியும். அதில் எதிராளி எடுத்த எடுப்பில் வாதாட முடியாது, அதற்கே நீதிமன்றத்தின் அனுமதி வாங்க வேண்டும்.

என் நிலைமையோ, செக்கும் இல்லை, நோட்டும் இல்லை. ஜிபே கணக்கு பணம் போனதைக் காட்டும், அது கடன் என்று காட்டாது. “பழைய பாக்கியைத் திருப்பிக் கொடுத்தான்”, “தொழிலில் கூட்டுப் போட்டான்” என்று அவன் தாராளமாகச் சொல்லலாம். அந்த ஓட்டையை அடைப்பது அவன் அனுப்பிய மெசேஜ்கள்தான். “மச்சி, உன் 90-ஐ போனஸ் வந்ததும் செட்டில் பண்றேன்” என்று ஒரு வரி இருந்தால் அதைப் பொன்போலக் காப்பாற்றுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, போனையும் மாற்றாமல் வையுங்கள். மின்னணு ஆவணத்தைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுப்படி சான்று கொடுக்க வேண்டும், அதற்குப் போன் தேவைப்படும். ரொக்கமாகக் கொடுத்த 40,000 இன்னொரு தலைவலி. 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் அனுமதிப்பதில்லை. அபராதம், கடன் வாங்கியவனுக்குத்தான்; அதனால் கடனே இல்லை என்று ஆகிவிடாது. ஆனாலும் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக் குடையாமல் விடமாட்டார்.

இனி, எங்கே போவது?

வக்கீல் நோட்டீஸை நான் பெரிதாக நினைத்திருந்தேன். தெரிந்த வக்கீல் ஒருவர் சிரித்துவிட்டார். செக் வழக்குக்கு நோட்டீஸ் கட்டாயம். சாதாரணக் கடன் வழக்குக்கு அது கட்டாயம் கூட இல்லை. அதன் நிஜமான உபயோகம் வேறு என்றார்: பதில் வந்தால் அவன் என்ன சொல்லித் தப்பிக்கப் போகிறான் என்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். நஷ்டமும் உண்டு. வீட்டுக்குப் பதிவுத்தபால் போய், அவன் மனைவியோ அப்பாவோ கையெழுத்துப் போட்டு வாங்கிப் பிரித்தால், அதற்கப்புறம் அவன் கொடுக்க நினைத்தாலும் வீம்புக்காகவே கொடுக்க மாட்டான்.

சிவில் வழக்கு என்றால் தமிழ்நாட்டில் கோர்ட் கட்டணம் வழக்குத் தொகையில் 3 சதவீதம். என் 90,000-க்கு 2,700 ரூபாய்தான். 2017-க்கு முன்னால் 7.5 சதவீதமாக இருந்தது. வக்கீல் பீஸ் தனி. செலவை விட நாள்தான் பெரிய பிரச்சினை. வருஷக்கணக்கில் நடந்து தீர்ப்பு வந்த பிறகும், பணம் வர நிறைவேற்று மனு என்று இன்னொரு சுற்று இருக்கிறது. அவன் மாதச் சம்பளக்காரனாக இருந்தால் அந்தச் சுற்றுக்கு அர்த்தம் உண்டு. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. 25,000 சம்பளம் என்றால் மாதம் 8,000 வரை பிடிக்கலாம். வீடு அப்பா பேரில், வண்டி பைனான்ஸில், வேலை தினக்கூலி என்றால் தீர்ப்பை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஜெயிலில் போடச் சொல்லலாமே என்பீர்கள். வழியே இல்லாதவனைக் கடனுக்காகச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வசதி வைத்துக்கொண்டே ஏய்ப்பவனுக்குத்தான் அது.

யாரும் அதிகம் பேசாத ஒரு வழி எனக்கு இதைவிடப் பிடித்திருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்னாலேயே லோக் அதாலத்துக்கு, அதாவது மக்கள் நீதிமன்றத்துக்குப் போவது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகம் இருக்கும். வெள்ளைத்தாளில் மனு எழுதிக் கொடுக்கலாம், கோர்ட் கட்டணம் கிடையாது. அவர்கள் எதிராளிக்குக் கடிதம் அனுப்பிக் கூப்பிடுவார்கள். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டால், அது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. தவணையை மீறினால் அதை வைத்தே நேராக நிறைவேற்று மனு போடலாம். பலவீனம் ஒன்றுதான்: அவன் வராவிட்டாலோ, வந்து முடியாது என்றாலோ கதை அங்கேயே முடிந்தது. ஆக, பணம் வாங்கியதை ஒப்புக்கொள்கிறவன், ஆனால் நாளைக் கடத்துகிறவன் என்றால் லோக் அதாலத். வாங்கவே இல்லை என்று சாதிக்கிறவன் என்றால் அங்கே போய் நேரத்தை வீணாக்காமல் சிவில் கோர்ட்.

என் நண்பன் முதல் ரகம். வக்கீலும் அதைக் கேட்டுவிட்டுத்தான், “நோட்டீஸ் எல்லாம் கடைசியில பாத்துக்கலாம் சார், முதல்ல நோட்டு எழுதி வாங்குங்க” என்றார். எங்கள் இருவருக்கும் பொதுவான ஒருவனை நடுவில் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். போஸ்ட் ஆபீஸில் வாங்கிய ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை நான் சட்டைப் பையிலிருந்து எடுத்ததும் அவன் முகம் சுருங்கியது.

“ஏன்டா, என் மேல நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இருக்குடா. தேதிதான் ஓடுது.”

கொஞ்ச நேரம் டீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் ஸ்டாம்பை நாக்கில் ஈரம் தொட்டு அவனே ஒட்டினான், கோணலாக. அதன் மேல் குறுக்கே கையெழுத்துப் போட்டான். வட்டி என்று ஒரு பைசா நான் எழுதச் சொல்லவில்லை. தொகை மட்டும் எண்ணிலும் எழுத்திலும். நடுவில் வந்தவன் சாட்சிக் கையெழுத்து. பைக்கைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான், மச்சினன் பேரில் லோன் போட்டதாம். நம்புவதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

உங்களுக்கு 3 வருஷம் ஏற்கெனவே தாண்டிவிட்டது என்றாலும் இதே நோட்டு உதவும். காலம் கடந்த கடனைத் தருவதாக எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 25-வது பிரிவு சொல்கிறது. அவனைப் பெஞ்சில் உட்கார வைப்பதுதான் கஷ்டம்.

இதுவரை 35,000 வந்திருக்கிறது. நோட்டின் பின்பக்கம் அவன் கையால் எழுதிய வரவு நான்கு. கடைசி வரவுக்குக் கீழே இன்னும் கொஞ்சம்தான் இடம் இருக்கிறது. அடுத்த தடவை புது நோட்டு எழுத வேண்டியிருக்கும், அதற்கும் ஒரு ஸ்டாம்ப் வாங்கி வைத்திருக்கிறேன்.