கேட்ட வோல்டேஜ் கிடைக்காதபோது தெரியும் தரம்: மூன்று யூஎஸ்பி-சி பிடி கன்ட்ரோலர்கள்

சொந்தமாக போர்டு வடிவமைப்பவர்கள் பவர் டெலிவரிக்கு (பிடி, அதாவது யூஎஸ்பி-சி சார்ஜரிடம் பேசி வேண்டிய வோல்டேஜை வாங்கும் முறை) அடிக்கடி எடுக்கும் ஐசிகள் மூன்று: டபிள்யூசிஎச்சின் சிஎச்224கே, எஸ்டி மைக்ரோஎலக்ட்ரானிக்ஸின் எஸ்டியூஎஸ்பி4500, ஆன்செமியின் எஃப்யூஎஸ்பி302. நல்ல சார்ஜரும் நல்ல கேபிளும் இருந்தால் மூன்றுமே 20 வோல்ட்டை வாங்கித் தந்துவிடும். அந்தச் சோதனையில் எது உசத்தி என்று ஒன்றும் தெரியாது. சார்ஜரிடம் கேட்ட வோல்டேஜ் இல்லாதபோதும், ஒரு ரெசிஸ்டர் சரியாக ஒட்டாதபோதும், ஐசி புத்தம் புதிதாக இருக்கும்போதும் லோடுக்கு (அந்த மின்சாரத்தில் ஓடும் பகுதிக்கு) என்ன போய்ச் சேர்கிறது என்பதில்தான் இவை பிரிகின்றன. மின்சாரத்தை வாங்க மட்டும் செய்கிற போர்டுகளுக்கான மதிப்பீடு இது.

சிஎச்224கேயின் பலம் எளிமை. ஃபர்ம்வேர் வேண்டாம், புரோகிராம் வேண்டாம். சிஎஃப்ஜி1 பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 6.8 கிலோ ஓம் போட்டால் 9 வோல்ட், 24 கிலோ ஓம் என்றால் 12, 56 கிலோ ஓம் என்றால் 15. எதுவும் போடாமல் விட்டால் 20.

சிக்கல் அந்தக் கடைசி வாக்கியத்தில் இருக்கிறது. ரெசிஸ்டரின் ஒரு முனை ட்ரை சோல்டர் ஆகியிருந்தாலும் ஐசியைப் பொறுத்தவரை அங்கே ரெசிஸ்டர் இல்லை. உடனே 20 வோல்ட் கேட்கும், சார்ஜரும் கொடுத்துவிடும், 9 வோல்ட்டுக்கான மோட்டார் டிரைவர் புகைந்துவிடும். பழுது வந்தால் வோல்டேஜ் இறங்க வேண்டும், இங்கே ஏறுகிறது. நிலையாக 9 வோல்ட் போதும் என்றால் ரெசிஸ்டர் முறையையே விட்டுவிட்டு சிஎஃப்ஜி1, 2, 3 மூன்றையும் காப்பரிலேயே கிரவுண்டோடு இணைப்பது நல்லது. மற்ற வோல்டேஜ்களுக்கு முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது லோடைக் கழற்றி வைத்து மீட்டரில் பார்த்தே ஆக வேண்டும்.

அடுத்து, ஐசி தனக்கான மின்சாரத்தை எடுக்கும் விடிடி பின். இது விபஸ்ஸிலிருந்து (சார்ஜர் தரும் வோல்டேஜ் வரும் கம்பியிலிருந்து) 1 கிலோ ஓம் வழியாக மின்சாரம் எடுத்து, ஏறத்தாழ 3.3 வோல்ட்டில் தன்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஷண்ட் வகை. மிச்ச வோல்டேஜ் முழுவதும் அந்த ரெசிஸ்டர் தலையில் விழுகிறது. 20 வோல்ட்டில் 16.7 மில்லி ஆம்ப், அதாவது 0.28 வாட். 0603 அளவு ரெசிஸ்டர் தாங்குவது 0.1 வாட்தான். 1206கூட 0.25 வாட்டில் நின்றுவிடும். 2 கிலோ ஓம் 1206 ரெசிஸ்டர் இரண்டை இணையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 0.14 வாட் சுமக்கும், சூடு கட்டுக்குள் இருக்கும். 9 வோல்ட்டில் மொத்தமே 0.03 வாட்தான் என்பதால், அங்கே சோதித்துவிட்டு 20க்கு மாறுகிறவர்களுக்கு இது பின்னால்தான் தெரியவரும்.

இன்னொன்று: பத்துப் பின்களில் கிரவுண்ட் கிடையாது. அடியில் இருக்கும் பேட்தான் கிரவுண்ட். சோல்டரிங் அயர்னால் பின்களை மட்டும் ஒட்டினால் ஐசி உயிர் பெறாது. பேடின் நடுவே 1.5 மில்லிமீட்டர் பிளேட்டட் துளை ஒன்று வைத்தால் பின்பக்கத்திலிருந்து ஈயம் ஊற்றி ஒட்டலாம்.

12 வோல்ட்டுக்காக இதை எடுப்பவர்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். பிடி விதிகள் வகுத்த வழக்கமான படிகள் 5, 9, 15, 20. 12 வோல்ட் சார்ஜர் தயாரிப்பாளரின் விருப்பம். பட்டியலில் இல்லாத சார்ஜர்கள் தாராளமாக உண்டு. சிஎச்224கேயில் மாஸ்ஃபெட்டின் (மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கேட்டை, அதாவது அதன் கட்டுப்பாட்டு முனையை, ஓட்டும் பின் இல்லை. விபஸ் நேராக லோடுக்குப் போகிறது, கிடைத்தது எதுவோ அது போய்ச் சேரும். பின்னால் பக் கன்வர்டர் (வோல்டேஜைக் குறைத்துத் தரும் சர்க்யூட்) இருந்தால், அதை இயக்கும் எனேபிள் பின்னில் இரண்டு ரெசிஸ்டரால் ஆன ஒரு டிவைடர் போடுங்கள். எனேபிள் வரம்பு 1.2 வோல்ட் என்றால், மேலே 75 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் போட்டால் 10.2 வோல்ட்டுக்குக் கீழே கன்வர்டர் எழுந்திருக்காது. இரண்டே ரெசிஸ்டர், வோல்டேஜ் சரி என்று சொல்லும் பிஜி பின்னை மட்டும் நம்புவதைவிட இது திடமானது.

எஸ்டியூஎஸ்பி4500 இந்த விஷயத்தில் வேறு தரம். மூன்று படிகளை அதன் உள் நினைவகத்தில் எழுதி வைக்கலாம். முதல் படி எப்போதும் 5 வோல்ட். சார்ஜரின் பட்டியலை மூன்றாவது படியிலிருந்து கீழ்நோக்கி ஒப்பிட்டுப் பார்க்கும், பொருந்துவதைக் கேட்கும். லோடுக்கு முன்னால் பி-சேனல் மாஸ்ஃபெட்டை ஓட்டத் தனிப் பின் உண்டு. 5 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தால் மட்டும் கேட்டைத் திற என்று ஒரு பிட்டும் உண்டு. அதை இயக்கிவிட்டால், கேட்டது கிடைக்காத நாளில் லோடுக்கு எதுவும் போகாது. தப்பான வோல்டேஜைவிட ஒன்றுமில்லாதது நூறு மடங்கு நல்லது. இந்த ஒரு பிட்டுக்காகவே இந்த ஐசியை எடுக்கலாம்.

ஆனால் இதற்கும் ஒரு பொறி இருக்கிறது. தொழிற்சாலையிலிருந்து வரும்போதே உள்ளே 5, 15, 20 என்று எழுதப்பட்டிருக்கும். ஒட்டியவுடன் 65 வாட் சார்ஜரில் செருகினால் 20 வோல்ட் வரும். ஆகவே முதலில் பிடி இல்லாத வெறும் 5 வோல்ட் போர்ட்டில் செருகி, ஐ2சி (எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு கம்பிகளில் ஐசிகள் பேசும் முறை) வழியாக நினைவகத்தை மாற்றி எழுத வேண்டும். எட்டு பைட் கொண்ட ஐந்து பகுதிகள், மொத்தம் 40 பைட். முகவரிப் பின்கள் இரண்டும் கிரவுண்டில் இருந்தால் முகவரி ஹெக்ஸில் 28. எஸ்டிஏ, எஸ்சிஎல், கிரவுண்ட் மூன்றுக்கும் சோதனைப் பேட் வைக்காத போர்டை பிறகு திருத்த வழியே இல்லை. லோடை இணைப்பது அதற்கும் பிறகுதான்.

கரண்ட் எண்ணை எழுதும்போது ஆசைப்படக் கூடாது. இந்த ஐசி வோல்டேஜோடு கரண்டையும் ஒப்பிடுகிறது. 20 வோல்ட் 3 ஆம்ப் என்று எழுதி வைத்தால், 45 வாட் சார்ஜரிடம் 20 வோல்ட் இருந்தும் அது 2.25 ஆம்ப்தான் என்பதால் அந்தப் படியைத் தாண்டிக் கீழே போய்விடும். பலர் ஐசி பழுது என்று கழற்றி எறிவது இந்த இடத்தில்தான். லோடுக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு தேவையோ அதை மட்டும் எழுதுங்கள்.

சர்க்யூட்டில் தவறக் கூடாதவை: 2.7 வோல்ட், 1.2 வோல்ட் உள் ரெகுலேட்டர் பின்கள் இரண்டுக்கும் தலா 1 மைக்ரோஃபாரட்; ரீசெட் பின் கிரவுண்டில்; சிசி1டிபி பின் சிசி1-உடனும் சிசி2டிபி பின் சிசி2-உடனும் (சிசி என்பது சார்ஜரும் போர்டும் ஒன்றையொன்று கண்டுபிடித்துப் பேசும் கம்பி). கடைசியானது விட்டுப்போனால், மின்சாரம் இல்லாத நிலையில் ஐசியால் தன் இருப்பைக் காட்ட முடியாது. சார்ஜர் எதிரே ஒருவரும் இல்லை என்று எண்ணி 5 வோல்ட்கூடக் கொடுக்காது. 5 வோல்ட் வராமல் ஐசி விழிக்காது. போர்டு பிணம் போலக் கிடக்கும். மீட்டரில் எங்கே தொட்டாலும் பூஜ்யம்.

எஃப்யூஎஸ்பி302 ஒரு முழு கன்ட்ரோலர் அல்ல. கேபிள் செருகியதைக் கண்டுபிடித்து, சிசி கம்பியில் விநாடிக்கு 300 கிலோபிட் வேகத்தில் பேசும் காதும் வாயும் மட்டுமே அது. மூளை மைக்ரோகன்ட்ரோலரில் இருக்க வேண்டும். பலன் பெரியது: 20 மில்லி வோல்ட் படியில் வோல்டேஜை நகர்த்தும் பிபிஎஸ் கைக்கு வரும். மற்ற இரண்டிலும் அது கிடையாது. விலையாகக் கொடுப்பது நேரக் கட்டுப்பாடு. சார்ஜர் தன் பட்டியலை அனுப்பியதும் 24 மில்லி விநாடிக்குள் கோரிக்கை போயாக வேண்டும். அந்த இடத்தில் சீரியல் போர்ட்டில் நாலு வரி அச்சடித்தாலோ, டீபக்கரில் நிறுத்தினாலோ, சார்ஜர் ஹார்ட் ரீசெட் (மின்சாரத்தையே நிறுத்தி முதலிலிருந்து தொடங்குவது) அடித்துவிடும். லாக்கை நினைவகத்தில் சேர்த்துவைத்து, பேச்சு முடிந்தபின் வெளியே அனுப்புங்கள். பிபிஎஸ்ஸில் 10 விநாடிக்கு ஒருமுறையாவது கோரிக்கையைப் புதுப்பிக்கவும் வேண்டும்.

இங்கே பழுதின் முகம் வேறு. நிலையான 20 வோல்ட் ஒப்பந்தத்தில் மைக்ரோகன்ட்ரோலர் உறைந்துபோனால் சார்ஜர் பாட்டுக்கு 20 வோல்ட்டைத் தந்துகொண்டே இருக்கும். வாட்ச்டாக் (உறைந்த மைக்ரோகன்ட்ரோலரை மறுபடி தொடங்கவைக்கும் டைமர்) எழுப்பியபின் ஃபர்ம்வேர் ஹார்ட் ரீசெட் அனுப்பினால் விபஸ் பூஜ்யத்துக்கு இறங்கும். பேட்டரி இல்லாத போர்டு தன் கழுத்தைத் தானே நெரித்துக்கொண்டு, மறுபடி எழுந்து, மறுபடி அதையே செய்யும். எழுந்ததும் முதலில், மின்சாரத்தை நிறுத்தாமல் பேச்சை மட்டும் புதிதாகத் தொடங்கும் சாஃப்ட் ரீசெட் அனுப்பிப் பார்ப்பதுதான் முறை. சிசி பின்கள் தாங்கும் உச்சம் 6 வோல்ட் என்பதும் நினைவில் இருக்கட்டும். கனெக்டரில் ஏ4 விபஸ், அதை ஒட்டி அரை மில்லிமீட்டர் தள்ளி ஏ5 சிசி1. பிளக்கைச் சாய்த்துப் பிடுங்கும்போது 20 வோல்ட் பக்கத்துப் பின்னைத் தொடக்கூடும். எஸ்டியூஎஸ்பி4500 இதை 22 வோல்ட் வரை தாங்கும். எஃப்யூஎஸ்பி302 போடும் போர்டில் டிசிபிபி01 போன்ற பாதுகாப்பு ஐசி சேர்த்தே ஆக வேண்டும்.

மூன்றுக்கும் பொதுவானவை சில. சிசி1, சிசி2 இரண்டும் கடைசிவரை தனித்தனிக் கம்பிகள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4-இன் முதல் போர்டுகளில் இரண்டுக்கும் ஒரே 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் பகிரப்பட்டிருந்தது. ஈ-மார்க்கர் (கேபிளின் திறனைச் சொல்லும் சிப்) உள்ள கேபிளைச் செருகினால் சார்ஜர் அதை ஆடியோ அடாப்டர் என்று எண்ணி மின்சாரம் தர மறுத்தது. ஒவ்வொரு சிசி கம்பியிலும் மொத்த கபாசிட்டன்ஸ் 200 முதல் 600 பிகோஃபாரட்டுக்குள் இருக்க வேண்டும். நிலைமின் அதிர்ச்சியிலிருந்து காக்கும் இஎஸ்டி டயோடின் பங்கையும் அதில் கூட்டிக்கொள்ளுங்கள்.

மாஸ்ஃபெட்டைப் பொறுத்தவரை, 20 வோல்ட்டில் கேட்டை நேராகக் கிரவுண்டுக்கு இழுத்தால் கேட்-சோர்ஸ் இடையே முழு 20 வோல்ட் விழும். பல மாஸ்ஃபெட்களுக்கு அதுவே எல்லை. 100 கிலோ ஓம் புல்-அப், 22 கிலோ ஓம் தொடர் ரெசிஸ்டர் என்று வைத்தால் 16.4 வோல்ட்டில் நிற்கும். ஒற்றை மாஸ்ஃபெட் போட்டால் கேபிளைப் பிடுங்கியபின் லோடு பக்கத்து கபாசிட்டரோ பேட்டரியோ மாஸ்ஃபெட்டுக்குள்ளேயே இருக்கும் பாடி டயோடு வழியாக விபஸ்ஸுக்குத் திரும்பும். விபஸ் 0.8 வோல்ட்டுக்குக் கீழே இறங்காதவரை அடுத்த சார்ஜர் மின்சாரம் தராது. பேட்டரி உள்ள போர்டுக்கு எதிரெதிராக இரண்டு மாஸ்ஃபெட் கட்டாயம்.

கபாசிட்டரைப் பிரித்து வைப்பதும் அங்கேதான். மாஸ்ஃபெட்டுக்கு முன்னால் 10 மைக்ரோஃபாரட்டைத் தாண்டக் கூடாது. பின்னால் 470 மைக்ரோஃபாரட் இருந்து, மாஸ்ஃபெட் 1 மில்லி விநாடியில் திறந்தால் 9.4 ஆம்ப் இழுக்கும். 3 ஆம்ப் சார்ஜர் உடனே துண்டித்துக்கொள்ளும், மறுபடி பேச்சு, மறுபடி துண்டிப்பு. போர்டில் எல்இடி சீராக மினுக்கி மினுக்கி அணைந்தால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். கேட்-சோர்ஸ் இடையே ஒரு கபாசிட்டர் சேர்த்துத் திறப்பை 20 மில்லி விநாடிக்கு நீட்டினால் அதே சுமை 0.47 ஆம்ப்பில் அடங்கிவிடும்.