சியாட்டில் நகரத்தின் ஒரு சதவீதக் கலைத் திட்டம்: மேன்ஹோல் மூடியிலிருந்து சப்ஸ்டேஷன் வரை

சியாட்டில் டவுன்டவுனில் நடக்கும்போது அடிக்கடி தரையைப் பாருங்கள். சில மேன்ஹோல் மூடிகளில் அந்தப் பகுதியின் தெரு வரைபடமே வார்ப்பிரும்பில் புடைத்து நிற்கும். கலைஞர் ஆன் நைட் 1976இல் வடிவமைத்தது. இன்னொரு மூடியில் டிலிங்கிட் பழங்குடிக் கலைஞர் நேதன் ஜாக்சனின் திமிங்கிலம் இருக்கும். கால் வழுக்காமலிருக்க எந்த மூடியிலும் மேடுபள்ளம் வேண்டும். அதையே ஓவியமாக்கிவிட்டார்கள். உரிந்துபோகப் பெயின்ட் கிடையாது, தனிப் பீடமும் வேண்டாம். லாரி ஏறினாலும் ஒன்றும் ஆகாது. இந்த நகரத்தின் கலை ஆணையம் செய்த வேலைகளில் எங்களுக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆணையம் 1971இல் அமைந்தது. உறுப்பினர்களுக்குச் சம்பளமில்லை. அன்றாட வேலைகளை நகராட்சியின் கலைத்துறை ஊழியர்கள் பார்க்கிறார்கள். காசு வரும் வழி 1973இல் போட்ட சட்டம்: நகரத்தின் தகுதியான கட்டுமானச் செலவில் 1 சதவீதம் கலைக்கு. 5 கோடி டாலர் கட்டடமென்றால் 5 லட்சம் டாலர். ஃபிலடெல்ஃபியா 1959லேயே இப்படிச் சட்டம் போட்டுவிட்டது. ஆனால் சியாட்டிலில் குடிநீர், மின்சாரத் துறைகளின் பணிகளும் கணக்கில் வந்ததால், நகர மண்டபத்து வாசலோடு நிற்காமல் யாரும் எட்டிப்பார்க்காத இடங்களுக்கும் கலை போய்ச் சேர்ந்தது.

வியூலேண்ட்–ஹாஃப்மன் சப்ஸ்டேஷன் அதற்குச் சரியான உதாரணம். 1979இல் முடிந்த அந்த மின்நிலையத்துக்கு பஸ்டர் சிம்ப்சன், ஷெர்ரி மார்க்கோவிட்ஸ், ஆண்ட்ரூ கீட்டிங் மூவரும் கட்டடக் கலைஞர்களோடு ஆரம்பத்திலிருந்தே உட்கார்ந்து திட்டமிட்டார்கள். வேலிக்குள்ளே, வீட்டில் கழித்துப்போட்ட சாமான்களால் எமில், வீவா கெர்க்கி தம்பதி செய்த காற்றாடிகளை நிறுத்தினார்கள். வரைபடம் முடிந்து கான்கிரீட்டும் போட்ட பிறகு கலைஞரைக் கூப்பிட்டால், மிஞ்சிய சுவரில் எதையாவது மாட்டிவிட்டுப் போவதைத் தவிர அவருக்கு வழியில்லை. திட்டத்தின் பலம், பலவீனம் இரண்டுமே கலைஞர் எந்தக் கட்டத்தில் உள்ளே வருகிறார் என்பதில்தான் இருக்கிறது.

மின்துறைக் காசுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. மின்கட்டணம் கட்டுபவர்கள் வழக்குப் போட, அந்தப் பணத்தில் செய்யும் கலைக்கு மின்துறையின் வேலையோடு நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. நீங்கள் கலைஞராக விண்ணப்பிக்கும் முன் எந்தத் துறையின் காசு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

விண்ணப்பிக்கும் முறை தெளிவாக இருக்கிறது. அழைப்பு வந்ததும் கேட்பது பழைய வேலைகளின் படங்கள், தன்விவரம், ஒரு சிறு கடிதம். பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் புது வடிவம் கேட்பதில்லை. வரைந்து அனுப்பினால் உழைப்புத்தான் வீண். கலைஞர்களும் அந்தத் திட்டத்தைச் சேர்ந்தவர்களும் உட்காரும் குழு சிலரைப் பொறுக்கி நேர்காணலுக்கு அழைக்கும். முதல்முறை வருகிறவர்களுக்காகப் பயிற்சி வகுப்புகளும் நடத்தியிருக்கிறார்கள். மனதாரப் பாராட்ட வேண்டிய விஷயம்.

ஆள் கவிழ்வது பட்ஜெட்டில். அறிவித்த தொகை முழுதும் கைக்கு வரும் என்று நினைக்காதீர்கள். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து, இன்சூரன்ஸ், பெர்மிட், தயாரிப்பு, லாரி, கிரேன் எல்லாம் அதற்குள்ளேதான். உங்கள் கூலிக்கு 15 முதல் 20 சதவீதம், எதிர்பாராச் செலவுக்கு 10 சதவீதம் முதலிலேயே ஒதுக்கிவிட்டு மீதியில் வடிவமையுங்கள். இந்த ஊர் விற்பனை வரி 10 சதவீதத்துக்கு மேல். அதை மறந்தால் ஒதுக்கிய 10 சதவீதமும் காலி.

அடுத்தது மழையும் கடற்காற்றும். அலுமினியத் தகட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட்டால் நேரடியாக முடுக்கினால், ஈரத்தில் போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரித்துப்போகும். நடுவில் நைலான் வாஷரும், போல்ட்டைச் சுற்றி ஒரு நைலான் குழாயும் (புஷ்) கட்டாயம். மரத்தின் அடி கான்கிரீட்டுக்குள் போகக்கூடாது. ஒரு உலோகக் காலில் தூக்கி நிறுத்துங்கள்.

நடைபாதையில் பதிப்பதென்றால் சியாட்டிலின் பிராட்வே தெருவுக்குப் போய்ப் பாருங்கள். ஜாக் மேக்கி 1982இல் வெண்கலக் காலடிகளைப் பதித்து டாங்கோ, வால்ட்ஸ் போன்ற நடன அடிகளைக் காட்டியிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்பவர் அதில் கால்வைத்து இரண்டு அடி ஆடிப்பார்க்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான விதிப்படி நடைபாதையில் செங்குத்தாக கால் அங்குலத்துக்கு மேல் மேடு இருக்கக்கூடாது. அதனால் கான்கிரீட் போடும் ஆளோடு அன்றைக்கு நீங்களும் நிற்க வேண்டும்.

குறை என்றால் முதலில் காலதாமதம். கட்டடம் நின்றால் கலையும் நிற்கும்; ஒப்பந்தத்தில் தேதி தள்ளிப்போனால் யார் செலவு என்று எழுதி வாங்குங்கள். இரண்டாவது, பராமரிப்பு. புதிதாகச் செய்யக் காசு கிடைப்பதுபோல் கழுவித் துடைக்கக் கிடைப்பதில்லை. எல்லா நகரத்திலும் இதுதான் கதை. கழுவும் முறை, மெழுகின் பெயர், போல்ட் அளவு, பெயின்ட் எண் எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சியாட்டில் அடங்கிய கிங் கவுண்டிக்கு (நம் மாவட்டம் போன்றது) 4கல்ச்சர் என்ற தனிக் கலை அமைப்பு இருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கலை ஆணையத்தின் அரை சதவீதத் திட்டமும் வேறு. நகரம், கவுண்டி, மாநிலம் மூன்றுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும். அவசரமாகக் காசு தேவைப்படுபவருக்கு மூன்றுமே சரிப்படாது. பொறுமையும் ஒரு நல்ல வெல்டரும் இருந்தால் சியாட்டிலில் தொடங்குங்கள்.