லிஸ்ட்டைச் சுழற்ற: ஸ்லைசிங்கா, டெக்கா?

பைத்தானில் [1, 2, 3, 4, 5] என்ற லிஸ்ட்டை இரண்டு இடம் இடப்பக்கம் சுழற்றினால் [3, 4, 5, 1, 2] வர வேண்டும். ஒரு தடவைதான் என்றால் ஸ்லைசிங் போதும்: மூன்றாவது உறுப்பிலிருந்து கடைசி வரை வெட்டி, பின்னால் முதல் இரண்டை ஒட்டினால் புது லிஸ்ட் தயார். பழையது அப்படியே இருக்கும்.

லூப்புக்குள் திரும்பத் திரும்பச் சுழற்றினால் இது வீண் செலவு. லட்சம் உறுப்புகள் இருந்தால், ஒவ்வொரு முறையும் லட்சமும் நகலாகும். அங்கே கலெக்‌ஷன்ஸ் மாட்யூலின் டெக்தான் (deque: இரு முனைகளிலும் உறுப்பைச் சேர்க்கவும் எடுக்கவும் வசதியான வரிசை) சரி. ஓரிடம் சுழற்ற, அதன் ரொட்டேட் ஓர் உறுப்பை மட்டுமே ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மாற்றும். கவனம்: 2 என்று கொடுத்தால் வலப்பக்கம் சுழலும், இடப்பக்கத்துக்கு -2. அப்புறம், டெக்கை ஸ்லைஸ் செய்ய முடியாது. பெரிய டெக்கில் நடு உறுப்பை எடுப்பதும் மெதுவாகத்தான் நடக்கும்.