பிரஷ் கட்டரை சர்வீஸுக்குக் கொடுத்து 6,200 ரூபாயும் ஒரு கார்புரேட்டரும் போன கதை

கடையின் பெயரைப் போடவில்லை. கையில் ரசீது இல்லை, பெயரைப் போட்டால் நாளைக்கு எனக்கே வக்கீல் நோட்டீஸ் வரும். எங்கள் பக்கத்து டவுனில் இருக்கிறது என்பதோடு விட்டுவிடுகிறேன். இந்த மாதிரிக் கடைகள் எல்லா ஊரிலும் இருக்கின்றன என்று இந்த ரெண்டு மாதத்தில் நாலைந்து பேர் சொல்லிவிட்டார்கள், அதனால் பெயரும் அவ்வளவு முக்கியமில்லை.

எங்கள் தென்னந்தோப்பு உடுமலைக்குத் தெற்கே. அப்பா 2014இல் வாங்கிய டூ ஸ்ட்ரோக் பிரஷ் கட்டர் ஒன்று இருக்கிறது, பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றி, தோளில் மாட்டிக்கொண்டு புல் அறுக்கிற மிஷின். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அவர் எதையும் கடைக்குக் கொடுக்க மாட்டார். சாமான் ரூமில் இருக்கிற எல்லாவற்றிலும் அவர் கைவேலை தெரியும்: மண்வெட்டிக் காம்பில் சைக்கிள் ட்யூப் சுற்று, ஸ்ப்ரேயர் மூடியில் செருப்பு ரப்பரில் வெட்டிய வாஷர். பிரஷ் கட்டரின் கார்புரேட்டரில் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற பாகம்) ஸ்டார்ட் செய்யும்போது காற்றைக் குறைக்கிற சோக் லீவர் உடைந்தபோது சைக்கிள் ஸ்போக் ஒன்றை வளைத்து, நுனியைச் சுருட்டி, அந்த ஓட்டையில் மாட்டிவிட்டார். ஏழெட்டு வருடமாக அதுதான் சோக். இந்த ஸ்போக்கைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை விட்டதும் பார்த்தீனியம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. மிஷினை எடுத்தேன். ஸ்டார்ட் ஆனது, ஐடிலிங்கில் அணையாமல் ஓடியது. ஆனால் ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் ஏறவில்லை. புல்லில் வைத்தால் மூச்சு முட்டினாற்போல் இறங்கிவிடும், பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். எனக்குத் தெரிந்தது ப்ளக்கைக் கழற்றித் துடைப்பதும் ஃபில்டர் ஸ்பான்ஜை சோப்புத் தண்ணீரில் அலசுவதும்தான். ரெண்டும் செய்தேன், பலனில்லை. டவுனுக்குக் கொண்டுபோனேன். போகிற போக்கில் மரம் அறுக்கிற பழைய செயின் சா மிஷினின் செயினையும், அப்பாவின் கொடுவாளையும் சாணை பிடிக்கலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை. டீ வாங்கித் தந்தார். "எண்ணூறு ரூபாய்க்குள்ள முடிஞ்சிருங்ணா, திறந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றார். வைத்துவிட்டு வந்துவிட்டேன். முதல் தப்பு அதுதான். திறக்கும்போது நான் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் போன். "பிஸ்டன் சீஸ் ஆயிருச்சுங்ணா. போரும் போச்சு. நேர்ல வந்து பாருங்." போனேன். பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிவிட்டது, சிலிண்டரின் உள்சுவரும் போய்விட்டது என்று சொல்லி, மேஜைக்கு அடியிலிருந்து ஒரு பிஸ்டனை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஆணியால் கிழித்தது போலக் கோடுகள். பார்க்கவே பாவமாக இருந்தது. அப்பாவின் மிஷினை நான் கெடுத்துவிட்டேனே என்ற குற்ற உணர்ச்சியில் வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

திரும்பும்போது பஸ்ஸில்தான் என் கையைப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. டூ ஸ்ட்ரோக் இன்ஜினிலிருந்து முந்தின நாள் கழற்றிய பிஸ்டன் என்றால் ஆயிலும் கரியுமாகக் கை பிசுபிசுத்திருக்க வேண்டும். அந்தப் பிஸ்டனில் ஆயில் வாடையே இல்லை, கோடுகளுக்குள் புழுதி படிந்திருந்தது. யார் வந்தாலும் எடுத்துக் காட்ட ஒன்று வைத்திருக்கிறார் போல. அந்த நினைப்பு வந்தது, ஆனால் அதை நானே நம்பவில்லை. அதற்குள் 2,000 ரூபாய் ஜிபேயில் அட்வான்ஸ் போட்டிருந்தேன்.

நாலு நாள் கழித்து மிஷின் தயார். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்கு எழுதிக் கொடுத்தார்: சிலிண்டர் கிட் 3,200, கார்புரேட்டர் 1,400, ப்ளக் 150, கேஸ்கட்டும் சீலும் 350, கூலி 900, சாணை 200. மொத்தம் 6,200. கார்புரேட்டர் எதற்கு என்று கேட்டதற்கு, "பழசு பெட்ரோல்ல அரிச்சுப் போச்சுங்ணா" என்றார். மீதியைப் பணமாகத் தரச் சொன்னார். தந்தேன். பில் கேட்டதற்கு, "பில்லுன்னா ஜிஎஸ்டி சேருமுங்" என்று சிரித்தார், நானும் சிரித்தேன். கடை வாசலில் ஸ்டார்ட் செய்து காட்டினார், ஒரே இழுப்பில் பிடித்தது. சோக்குக்குப் புது பிளாஸ்டிக் லீவர் இருந்தது. பரவாயில்லையே, கேட்காமலே அதையும் மாற்றிவிட்டாரே என்று சந்தோஷப்பட்டேன்.

தோப்பில் இருபது நிமிடம் ஓடியது. அப்புறம் பழைய கதை. அதே மூச்சு முட்டல், அதே இறக்கம்.

போன் போட்டால், "ரன்னிங் வரட்டுங்ணா, புது கிட்டு, நாலு டேங்க் ஓடினா செட் ஆயிரும்" என்றார். நாலு டேங்க் ஓட்டினேன். அதுதான் ரெண்டாவது தப்பு, ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

கடைசியில் மாமா ஒருவர், வேறு ஊரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் உட்கார்ந்து ஸ்ப்ரேயரும் பம்ப்செட்டும் சரிசெய்கிற பெரியவரிடம் அனுப்பினார். கடை என்று சொல்ல முடியாது, ஒரு தகரக் கூரை, ஒரு மரப்பெட்டி. நான் நடந்ததைச் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஷினு ஓடிக்கிட்டுத்தானே தம்பி அங்க போச்சு? சீஸ் ஆன மிஷினு எப்படி ஓடும்?"

எனக்கு வாய் அடைத்துப் போனது. பிஸ்டன் பிடித்துக்கொண்டால் ஸ்டார்ட்டர் கயிற்றையே இழுக்க முடியாது. முடிந்தாலும் பெரும்பாலும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் கொடுக்கிற அழுத்தம்) இருக்காது, கயிறு தண்ணீரில் விட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். நல்ல இன்ஜினில் கயிற்றை மெதுவாக இழுத்தால் ஒரு இடத்தில் கைக்குத் தடை தட்டும், தாண்டும், மறுபடி தட்டும். என் மிஷின் அங்கே போகும்போது அப்படித்தான் தட்டியது.

பெரியவர் சைலன்சரைக் கழற்றினார். ரெண்டு போல்ட், ரெண்டு நிமிடம். சிலிண்டரில் புகை வெளியேறும் ஓட்டை தெரிந்தது. செல்போன் டார்ச்சை அதில் அடித்து, கயிற்றை லேசாக இழுத்து பிஸ்டனை மேலும் கீழும் நகர்த்தி, "எட்டிப் பாருங்க" என்றார். புது பிஸ்டனில் அதற்குள் மெல்லிய கோடுகள் விழுந்திருந்தன. டூப்ளிகேட் கிட். பழைய கம்பெனி சிலிண்டரின் உள்சுவரில் கெட்டியான முலாம் இருக்கும், மலிவு கிட்டில் அது பெயருக்குத்தான் என்றார். நாலு டேங்க் ஓட்டி நானே அந்தக் கோடுகளைப் போட்டிருக்கிறேன். ஆக, பிஸ்டன் போய்விட்டதா என்று பார்க்க இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். இந்த ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

அப்புறம் சைலன்சருக்குள்ளிருந்து ஒரு சின்னக் கம்பி வலையை மூக்குப் ப்ளேயரால் உருவி எடுத்தார். தீப்பொறி வெளியே போகாமல் தடுக்க வைத்திருக்கிற வலை, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வெயிலுக்கு நேரே பிடித்தார். ஒரு ஓட்டைகூடத் தெரியவில்லை. தார் பூசிய மாதிரி கரி. புகை வெளியே போக வழி இல்லாவிட்டால் இன்ஜின் எப்படி ஏறும்? ப்ளோ லாம்ப்பில் வலையைச் சிவக்கக் காட்டி, ஆறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தார். கரி பொடிப்பொடியாக உதிர்ந்தது. மாட்டி ஸ்டார்ட் செய்ததும் அந்தச் சத்தம்! அப்பா ஓட்டும்போது கேட்ட சத்தம். கூலி நூறு ரூபாய்.

இதில் எனக்கு வயிறு எரிவது ஒரே இடத்தில்தான். சைலன்சரைக் கழற்றாமல் சிலிண்டரை மாற்ற முடியாது. அப்படியானால் அந்த ஆள் சைலன்சரைக் கையில் எடுத்திருக்கிறார், அதே கரி வலையோடு திரும்ப மாட்டியிருக்கிறார். தெரியாமல் விட்டாரா, அடுத்த சர்வீஸுக்கு என்று விட்டாரா, எனக்குப் புரியவில்லை.

எங்கள் வீட்டுத் தப்பும் உண்டு. அப்பா லிட்டருக்கு ஐம்பது, அறுபது மில்லி டூ-டி ஆயில், அதாவது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கான ஆயில், ஊற்றுவார். "கொஞ்சம் கூட இருந்தா இன்ஜினுக்கு நல்லது" என்பது அவர் கணக்கு, நானும் அதையே செய்தேன். எங்கள் மிஷினின் மூடியிலேயே 25:1 என்று அச்சடித்திருக்கிறது. அதாவது லிட்டருக்கு 40 மில்லி. உங்கள் மிஷினில் 50:1 போட்டிருந்தால் 20 மில்லி. கூடுதலாக ஊற்றியதெல்லாம் கரியாகி அந்த வலையில்தான் போய் உட்கார்ந்தது. அதற்காகக் குறைத்துவிடவும் கூடாது. ஆயில் கலக்காத பெட்ரோலை டூ ஸ்ட்ரோக்கில் ஊற்றினால் பிஸ்டன் நிஜமாகவே போய்விடும். ஃபோர் ஸ்ட்ரோக் மிஷினும் டூ ஸ்ட்ரோக் மிஷினும் ஒரே வீட்டில் இருந்தால் கேன்களில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள், வேலைக்கு வருகிற ஆளுக்கு எது எது என்று தெரியாது.

கார்புரேட்டர் பெட்ரோலில் அரித்துப் போச்சு என்பது பொய் என்றாலும் அதற்குள் ஒரு நிஜம் உண்டு. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் டேங்கிலேயே விட்டால் பழைய மிஷினின் ரப்பர் குழாயும் கார்புரேட்டருக்குள் இருக்கிற டயாஃப்ரம் என்கிற மெல்லிய சவ்வும் விறைத்துப் போகும். சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்துவிட்டு, மிஷின் தானாக அணையும்வரை ஓட்டி வைத்தால் போதும். விறைத்தாலும் டயாஃப்ரம் கிட் மட்டும் தனியாகக் கிடைக்கிறது, முழு கார்புரேட்டர் மாற்ற அவசியமில்லை.

மறுநாள் அந்தக் கடைக்குப் போனேன். சண்டை போடுகிற எண்ணமில்லை, பழைய பாகங்களை மட்டும் கேட்டேன். "அதெல்லாம் காயலான் கடைக்குப் போட்டாச்சுங்ணா." சரி என்று திரும்பினேன். வாசலில் செகண்ட் ஹேண்ட் மிஷின்கள் மூன்று சாய்த்து வைத்திருந்தார்கள். நடுவில் இருந்த ஆரஞ்சு நிற மிஷினைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். சோக் லீவர் இருக்க வேண்டிய இடத்தில் வளைத்த சைக்கிள் ஸ்போக், நுனியில் சுருட்டு.

"இது எங்க மிஷின் கார்புரேட்டர்" என்றேன். "எல்லா மிஷினும் ஒரே மாதிரிதாங்ணா இருக்கும்" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். நான் ஒரு மடையன். அங்கேயே போட்டோ எடுத்திருக்கலாம். கோபத்தில் கை நடுங்கியதில் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, போன வருடம் பெட்ரோல் ட்யூப் வாங்குவதற்காக எடுத்த போட்டோவைத் தேடிப் பிடித்தேன். அதில் ஸ்போக் பளிச்சென்று தெரிந்தது. சித்தப்பா மகனையும் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை போனால் அந்த மிஷின் இல்லை. "வித்துப் போச்சுங்."

நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழைத்தேன், புகாரைப் பதிந்து எண் கொடுத்திருக்கிறார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது, ரெண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ஆனால் என் கையில் இருப்பது ஜிபேயில் போன 2,000 ரூபாய்க்கான பதிவும் கடைப் பெயர் இல்லாத ஒரு காலண்டர் தாளும்தான். மீதி 4,200க்கு ஒன்றும் இல்லை. அதனால் தயவுசெய்து முழுப் பணத்தையும் போனிலேயே அனுப்புங்கள். மிஷினை விடும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர் போல்ட்டின் தலையிலிருந்து பாடி வரைக்கும் நெயில் பாலிஷில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள், யாராவது கழற்றினால் கோடு விலகிவிடும். பழைய பாகம் கைக்கு வந்தால்தான் காசு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முகம் சுளிக்கிற கடையாக இருந்தால் மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுவாளைச் சொல்ல மறந்துவிட்டேன். கிரைண்டரில் அழுத்திப் பிடித்திருக்கிறார்கள், வாய் முழுக்க மயில் கழுத்து நீலம். செயினின் பற்களிலும் அதே நீலம். அவ்வளவு சூடு ஏறினால் இரும்பின் பதம் இறங்கிவிடும். மட்டை வெட்டினால் நாலு வெட்டில் மழுங்கியது. அந்தச் செயினைத் தூக்கி எறிய வேண்டியதாயிற்று. செயின் தீட்ட உருண்டை அரம் ஒன்றே போதும், இப்போதெல்லாம் நானே தீட்டுகிறேன். கொடுவாளை ஊர்ப் பட்டறையில் ஆசாரி காய்ச்சி அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கொடுத்தார். "இதை யாருங்க இப்படிப் பண்ணுனது?" என்று கேட்டார். பதில் சொல்லவில்லை.

மிஷின் இப்போதைக்கு ஓடுகிறது. பிஸ்டன் கோடு அடுத்த மழை வரை தாங்கும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். அதற்குள் கம்பெனி கிட்டுக்குப் பணம் சேர்க்க வேண்டும்.

உடுமலை, மடத்துக்குளம், பொள்ளாச்சிப் பக்கம் சமீபத்தில் யாராவது செகண்ட் ஹேண்டில் ஆரஞ்சு கலர் பிரஷ் கட்டர் வாங்கியிருந்தால், சோக்கைப் பாருங்கள். சைக்கிள் ஸ்போக் இருந்தால் அந்தக் கார்புரேட்டர் எங்களுடையது. திருப்பிக் கேட்க மாட்டேன், நல்ல கார்புரேட்டர், வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஸ்போக்கை மட்டும் மாற்றும்போது தூக்கிப் போடாமல் ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன்.