சம்பளச் சீட்டில் பிடித்தம் இருந்தது, பாஸ்புக்கில் பணம் இல்லை: 31 மாத பி.எஃப். போன கதை

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் பத்து ஆண்டுக்கு ஒரு மாதம் குறைவாகக் கட்டிங் மாஸ்டராக வேலை பார்த்தேன். அதில் கடைசி 31 மாதங்கள் என் சம்பளத்தில் பிடித்த பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிப் பணத்தில் ஒரு ரூபாய்கூட என் கணக்குக்குப் போய்ச் சேரவில்லை. சம்பளச் சீட்டில் மட்டும் மாதம் தவறாமல் “பி.எஃப். 1,800” என்று அச்சடித்துக் கொடுத்தார்கள். அந்தச் சீட்டை நம்பித்தான் மோசம் போனேன். பனியன் கம்பெனியோ, மில்லோ, பட்டறையோ, தனியார் பள்ளியோ, உங்கள் சம்பளத்தில் பி.எஃப். பிடிக்கிறார்கள் என்றால் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள்.

2023 ஜூன் மாதம் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அப்போதைய விதிப்படி ஏழு ஆண்டுகள் உறுப்பினராக இருந்தால், பிள்ளைகளின் மேல்படிப்புக்கு நம் பங்கில் பாதி வரை முன்பணம் எடுக்கலாம் என்று தெரியும். அதற்காக வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கே இருந்த பெண் பி.எஃப். உறுப்பினர் எண்ணான என் யூ.ஏ.என்.னைப் போட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, இதில் பதிந்திருக்கும் செல்போன் எண் உங்களுடையதா?” என்று கேட்டார். இல்லை. எங்கள் கம்பெனி அலுவலகத்தில் முன்பு வேலை பார்த்துவிட்டுப் போன ஓர் ஆளுடைய எண் அது. கணக்கைத் தொடங்கியபோது எங்கள் எல்லோருக்கும் அந்த ஒரே ஆளின் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். பணம் வரவாகும்போது வருகிற குறுஞ்செய்தி எதுவும் ஏன் எனக்கு வந்ததில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் புரிந்தது. என் ஆதாரில் இருந்த எண்ணை வைத்து அந்தப் பெண் அதை மாற்றிக்கொடுத்தார். பிறகு பாஸ்புக்கைத் திறந்தோம்.

கடைசி வரவு 2020 அக்டோபர் மாதச் சம்பளத்துக்கானது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. இணையம் மெதுவாக இருக்கிறதோ என்று நினைத்து, இன்னொரு முறை திறக்கச் சொன்னேன். மறுபடியும் அதே அக்டோபர்தான்.

அந்தப் பாஸ்புக்கில் ஒரு மாதத்துக்கு ஒரு வரி, ஒரு வரியில் மூன்று தொகைகள் இருக்கும். அதைப் படிக்கத் தெரியாமல்தான் நம்மில் பலர் விட்டுவிடுகிறோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் 12 சதவீதம் நம்முடைய பங்கு. 2014 செப்டம்பர் முதல் 15,000 ரூபாய் உச்சவரம்பு என்பதால் எனக்கு அது 1,800. அதே அளவு நிறுவனமும் தன் கையிலிருந்து போட வேண்டும். ஆனால் நிறுவனம் போடும் 1,800 முழுவதும் பி.எஃப். கணக்குக்கு வராது. அதில் 1,250 ரூபாய், அதாவது 15,000 சம்பளத்தில் 8.33 சதவீதம், ஓய்வூதியக் கணக்குக்குப் போய்விடும்; மீதி 550தான் பி.எஃப். ஆக, ஒழுங்காகக் கட்டிய மாதத்தில் 1,800, 550, 1,250 என்று மூன்றும் இருக்கும். கொரோனா காலத்தில் 2020 மே, ஜூன், ஜூலை மாதங்களுக்கு மட்டும் அரசாங்கமே விகிதத்தை 10 சதவீதமாகக் குறைத்தது; அந்த மூன்று மாதமும் என் பங்கு 1,500 என்று சரியாகவே பதிவாகியிருந்தது. அவ்வளவு துல்லியமாகக் கணக்கு எழுதியவர்கள்தான் நவம்பரிலிருந்து அடியோடு நிறுத்திவிட்டார்கள்.

31 மாதத்துக்கு என் பங்கு மட்டும் 55,800 ரூபாய். கம்பெனியின் பங்கையும் சேர்த்தால் 1,11,600. 2020-21இல் 8.5, அடுத்த ஆண்டு 8.1, அதற்கடுத்த ஆண்டு 8.15 சதவீதம் என்று வட்டி அறிவித்தார்களே, அது தனி.

மறுநாள் காலை கணக்காளரிடம் போனேன். “மாஸ்டர், கொரோனாவில் ஆர்டர் எல்லாம் போய்விட்டது உங்களுக்குத் தெரியாதா? அடுத்த மாதம் மொத்தமாகச் சேர்த்துக் கட்டிவிடுவோம். இத்தனை வருடம் பழகிவிட்டு எங்களை நம்பமாட்டீர்களா?” என்றார். எனக்கே ஒரு நிமிடம் சங்கடமாக இருந்தது. முதலாளி கஷ்டப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான்.

அன்று மாலை அதே பிரவுசிங் சென்டர் பெண் இன்னொன்றைக் காட்டினார். பி.எஃப். கணக்குகளை நிர்வகிக்கும் வைப்பு நிதி நிறுவனத்தின் இணையதளத்தில் கம்பெனியின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த மாதத்துக்கு எவ்வளவு பணம் கட்டினார்கள், எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்று வரும். கடவுச்சொல் எதுவும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 2020 அக்டோபர் வரை 46 பேர். நவம்பரிலிருந்து 12 பேர்.

அந்தப் பன்னிரண்டு பேர் யார் என்று விசாரித்ததில் எல்லோரும் அலுவலக ஆட்களும் முதலாளியின் உறவினர்களும் என்று தெரிந்தது. கட்டிங், டெய்லரிங், செக்கிங், அயர்னிங் என்று தளத்தில் நின்று வேலை செய்த 34 பேருக்கு மட்டும் கட்டவில்லை. பிடித்தம் மட்டும் எல்லோருக்கும் நடந்தது. எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது அப்போதுதான். கஷ்டம் என்றால் எல்லோருக்கும் நின்றிருக்க வேண்டும்.

பணத்தைவிட இன்னொரு நஷ்டம் பெரியது. ஓய்வூதியம் கிடைக்க 10 ஆண்டு சேவை வேண்டும். ஒன்பதரை ஆண்டு முடிந்தாலே பத்தாக எடுத்துக்கொள்வார்கள். நான் சேர்ந்தது 2013 ஜூலை. 2023 மே வரை கணக்கிட்டால் 9 ஆண்டு 11 மாதம், அதனால் எனக்கு ஓய்வூதியத் தகுதி உண்டு. ஆனால் பதிவில் இருப்பது 2020 அக்டோபர் வரை, அதாவது 7 ஆண்டு 4 மாதம் மட்டும். வேலையை விட்ட தேதியை நாமே இணையத்தில் பதியலாம் என்கிறார்களே, அதிலும் கடைசியாகப் பணம் வரவான மாதத்துத் தேதியைத்தான் போட முடியும். அவசரப்பட்டு அதைச் செய்திருந்தால், 31 மாதம் நான் வேலையே செய்யவில்லை என்று நானே எழுதிக்கொடுத்ததாக ஆகியிருக்கும். உங்களுக்கு இப்படி நேர்ந்தால், பாக்கி தீரும் முன் விலகல் தேதியைத் தொடாதீர்கள்.

ஜூன் மாத நடுவில் நாங்கள் பதினான்கு பேர் சேர்ந்து கேட்டோம். நிர்வாகம் ஒரு தட்டச்சு செய்த தாளை நீட்டியது. பாக்கி எதுவும் இல்லை, எல்லாம் பெற்றுக்கொண்டேன் என்று எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் இரண்டு வாரத்தில் கட்டிவிடுவார்களாம். இரண்டு பேர் போட்டுவிட்டார்கள், பாவம். நான் மறுத்தேன். 19ஆம் தேதி எனக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்களிடம், “பழைய பாக்கியை இனி வரும் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக் கட்டுகிறோம்” என்றார்களாம். இது அக்கிரமம். எந்த மாதச் சம்பளத்துக்கு உரியதோ அந்த மாதச் சம்பளத்திலிருந்துதான் நம் பங்கைப் பிடிக்கலாம் என்று பி.எஃப். திட்ட விதியே சொல்கிறது. இங்கே ஏற்கெனவே ஒரு முறை பிடித்தும் ஆயிற்று. நிறுவனத்தின் பங்கை நம் கூலியைக் குறைத்து ஈடுகட்டவும் சட்டம் அனுமதிக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது என் மனைவியின் பிஸ்கட் டப்பா. நான் சட்டைப் பையில் கசக்கிக் கொண்டுவரும் சம்பளச் சீட்டுகளை அவர் நீவி, ஆண்டுவாரியாக நூல் கட்டி அதில் போட்டு வைத்திருந்தார். எழுத்து மங்கிய, விரல் அகலத் தாள்கள். 31இல் 27 கிடைத்தன. இல்லாத நான்கு மாதத்துக்கு வங்கிப் பாஸ்புக்கில் சம்பளம் வரவான பக்கங்களை நகல் எடுத்தோம். பிடித்தம் போக வந்த தொகை எல்லா மாதமும் ஒன்றாகவே இருந்தது.

தனித்தனியாக இணையத்தில் புகார் பதிந்ததோடு, நகல்களை இணைத்து பி.எஃப். மண்டல அலுவலகத்தில் 12 பேர் கையெழுத்திட்டு ஒரே மனுவாகவும் கொடுத்தோம். கூட்டாகக் கொடுத்ததுதான் வேலை செய்தது. அமலாக்க அதிகாரி கம்பெனிக்கு வந்து சம்பளப் பதிவேட்டைப் பார்த்தார். அப்போது நடப்பில் இருந்த 1952ஆம் ஆண்டு பி.எஃப். சட்டத்தில், பாக்கியை நிர்ணயிக்கும் 7ஏ பிரிவின்கீழ் விசாரணை நடந்தது. வாய்தா, வாய்தா என்று கம்பெனி இழுத்தது. தொழிலாளியிடம் பிடித்த பங்கைக் கட்டாமல் வைத்துக்கொண்டால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம் என்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 405ஆம் பிரிவிலேயே விளக்கம் இருந்தது. இதை மனுவில் எழுதிய பிறகுதான் கணக்காளரின் தொனி மாறியது. முதல் நாளே அதை எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் அயர்னிங் மாஸ்டர் ஒருவர் 2022இல் மாரடைப்பில் இறந்துவிட்டார். பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது இறந்தால் குடும்பத்துக்கு அதிகபட்சம் 7 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு; அதற்குத் தொழிலாளி ஒரு பைசாவும் கட்ட வேண்டியதில்லை. பதிவில் அவர் 2020லேயே நின்றுபோனவராக இருந்தார். அவர் மனைவி, அந்த அக்கா, இரண்டு பிள்ளைகளோடு கம்பெனி வாசலில் எத்தனை நாள் நின்றார் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு அவர் ஏன் நிற்கிறார் என்று நான் கேட்கவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

நம் பணம் அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்டப்பட வேண்டும். இருபதாம் தேதி வாக்கில், கணக்கில் பதிந்த உங்கள் சொந்த எண்ணிலிருந்து 9966044425க்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் கடைசி வரவும் இருப்பும் குறுஞ்செய்தியாக வரும், காசு செலவில்லை. அரசின் உமாங் செயலியிலும் பாஸ்புக்கைப் பார்க்கலாம். இரண்டு மாதம் வரவில்லை என்றால் எழுத்தில் கேளுங்கள். வாய்ப்பேச்சை நம்பி முப்பத்தோரு மாதம் போக விடாதீர்கள்.

எங்கள் விசாரணையில் 2024 ஜூனில் ஆணை வந்தது. தாமதத்துக்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியோடு கட்டச் சொன்னார்கள். கட்டாததால் கம்பெனியின் வங்கிக் கணக்கை முடக்கினார்கள். அதன்பின் பழைய மாதங்கள் ஒவ்வொன்றாகப் பாஸ்புக்கில் ஏற ஆரம்பித்தன. இதுவரை 22 மாதம் வந்திருக்கிறது, 2022 ஆகஸ்ட் வரை. இன்னும் 9 மாதம் பாக்கி. வரவான மாதங்களின் சீட்டுகளைத் தனியாக நூல் கட்டி அடியில் வைத்துவிட்டு, செப்டம்பரிலிருந்து உள்ள சீட்டுகளை மட்டும் மனைவி டப்பாவில் மேலாகவே வைத்திருக்கிறார்.