பென்ஷன் போன பிறகு: மம்பட்டியா, வெண்கட்டியா?

அறுபது வயதில் பாடசாலையை விட்டு வந்த மறுநாளும் காலை ஐந்தரைக்கே விழிப்பு வந்துவிட்டது. தேத்தண்ணி குடித்தேன், இஸ்தோப்பில் உட்கார்ந்தேன், மணி பார்த்தேன். ஆறு பத்து. தலவாக்கலைப் பக்கம் ஆடி மழை வேறு, வெளியே கால் வைக்க முடியாது. இப்படியே ஒரு மாதம் போனால் வீட்டுக்காரிக்கும் எனக்கும் சண்டைதான் மிஞ்சும் என்று தெரிந்தது. அதன் பிறகு மூன்று வருடத்தில் நாலைந்து வேலைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டேன்.

முதலில் மரக்கறிப் பாத்தி. நம் பக்கத்தில் பென்ஷன் போனவர்கள் எல்லோரும் முதலில் தேடுவது மம்பட்டியைத்தான். ராபு நாற்பது, நாற்பத்தைந்து நாளில் கைக்கு வரும், போஞ்சிக்கு இரண்டு மாதம், கரட்டுக்கு மூன்று. லீக்ஸ்தான் ஆளைச் சோதிக்கும். நாற்றைப் பிடுங்கி நட்ட பிறகும் மூன்று மாதத்துக்குக் குறையாது, நடுவில் இரண்டு மூன்று தடவை மண் அணைக்க வேண்டும். மண் மூடிய உயரத்துக்குத்தான் தண்டு வெள்ளையாகும். முதல் போகத்தில் நான் சோம்பலில் ஒரு தடவையோடு விட்டுவிட்டேன். கடைக்காரர் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "மாஸ்டர், இது இலை வியாபாரமா?" என்று கேட்டார்.

பாத்தியில் கிடைக்கும் பெரிய லாபம் தூக்கம். படுத்தால் விடியும்வரை அசைவில்லை. நட்டம் என்றால் முதுகுவலியும் காட்டுப்பன்றியும். ஒரே இரவில் உருளைக்கிழங்கு முழுவதையும் கிண்டிப் போட்டுவிட்டுப் போன பன்றியை இன்னும் நான் மன்னிக்கவில்லை. மழைக்கணக்கும் உண்டு. தென்மேல் பருவக்காற்று எங்கள் பக்கம் கொட்டித் தீர்க்கும் ஜூன், ஜூலையில் பண்டாரவளை, வெலிமடைக்காரர்கள் வெயிலில் நிற்பார்கள். அந்த ஊவாப் பக்கத்தில் இருப்பவர் பாத்தியை நம்பலாம். அட்டன், தலவாக்கலைக்காரர் அதை மட்டும் நம்பினால் வருடத்தில் பல வாரம் சன்னல் வழியே மழை பார்க்க வேண்டியதுதான்.

என் மதினி இந்தக் கணக்கைக் கேட்டுச் சிரித்தார். தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மாதாமாதம் சம்பளத்தில் கழித்துச் சேர்க்கும் சேமலாப நிதியைப் பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் எடுக்கலாம். அவர் எடுத்த பணம் மகளின் கலியாணத்தோடு முடிந்தது. எனக்கு மாதம் பிறந்தால் பென்ஷன், அவருக்கு அது கிடையாது. "ஒங்களுக்கு லீக்ஸ் பொழுதுபோக்கு, தம்பி. எனக்கு அது கறிச்செலவு" என்றார். ஓய்வுக்காலம் என்று பேசும்போது இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டுப் பேசக்கூடாது.

கோவில் கமிட்டியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. இரண்டு கூட்டம் போனேன், இரண்டிலும் ஒலிபெருக்கி வாடகைச் சண்டை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஆனால் மாசியில் காமன் கூத்து தொடங்கினால் கதை வேறு. கம்பம் ஊன்றியதிலிருந்து காமன் தகனம்வரை பாட்டும் அடவும் தெரிந்த பெரியவர்களுக்கு இருக்கும் மதிப்பே தனி. எனக்குக் குரல் இல்லை, அதனால் தப்பு மேளம் அடிப்பவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் வேலை.

பறவை பார்ப்பது எனக்குப் பிடித்தது. நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்கு ஒக்டோபருக்குப் பிறகு போங்கள். 1897இல் ராணியின் வைரவிழாவுக்காகப் பெயர் வைத்த இடம். ஆறுமணிக்குருவி, காஷ்மீர் ஈப்பிடிப்பான் எல்லாம் வடக்கேயிருந்து குளிருக்கு அங்கே வந்து இறங்கும். அழகான வேலைதான். ஆனால் பஸ் காசு வேண்டும், நல்ல கண் வேண்டும், பங்குனி கழிந்தால் விருந்தாளிகளும் போய்விடுவார்கள். அப்புறம் ஒரு விஷயம்: நான் போகாவிட்டால் குருவிக்கு ஒன்றும் குறையாது.

கடைசியாக வகுப்பு. கோவில் மண்டபத்தில் மாலை நாலரைக்கு, காசில்லாமல். புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு டியூஷன் கொடுக்க ஊரில் ஆள் இருக்கிறது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளைத்தான் யாரும் எடுப்பதில்லை. அப்படி நாலு பேரைப் பிடித்தேன். மூன்று மாதம் ஒன்றும் நகரவில்லை, லீக்ஸே பரவாயில்லை என்று தோன்றியது. பிறகு ஒருநாள் ஒரு சிறுமி பாட்டியின் சம்பளச் சீட்டைக் கொண்டுவந்து, விரல் வைத்து, "சே-ம-லா-ப நி-தி" என்று வாசித்தாள். சம்பளத்தில் நூற்றுக்கு 8 கழிப்பார்கள், தோட்டம் தன் பங்குக்கு 12 போட வேண்டும் என்று சொன்னேன். அவள் சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்தப் பன்னெண்டையும் போட்டாங்களான்னு எப்பிடி சேர் பாக்கிறது?" என்றாள். அன்றைக்குப் பாடம் ஏழு மணிவரை போனது.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உடம்புக்குப் பாத்தி, மனசுக்கு வகுப்பு என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது அவ்வளவு சரியாகப் படவில்லை. வகுப்பில் மனம் நோகும் நாட்கள்தான் அதிகம். ஆனாலும் மழை என்றால் பாத்திக்கு நான் போவதில்லை. இந்த நாலு பேரும் தலையில் பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள், பிறகு நான் எப்படிப் போகாமல் இருப்பது? ஆகவே காலையில் ஒரு மணி நேரம் மம்பட்டி, மாலையில் வெண்கட்டி.

நேற்று லீக்ஸுக்கு மண் அணைத்துவிட்டுப் போகப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. நாலு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள். சிறியவன் என் கை மண்ணைப் பார்த்துவிட்டு, "சேர், முட்டுக்கால் போடுங்க" என்றான்.